பசிக்கும் காட்டேரி: பழைய பிளேஸ்டேஷனில் ‘சோல் ரீவர்’

‘லெகஸி ஆஃப் கெய்ன்: சோல் ரீவர்’ கேமில் சும்மா நின்றாலே சாகத் தொடங்கிவிடுவோம். எதிரி யாரும் வேண்டாம். திரையின் மூலையில் சுருள் போலிருக்கும் உயிர்மானி தானாகக் கரைந்துகொண்டே வரும். நாம் ஆட்டுவிக்கும் ராசியேல் ஒரு காலத்தில் காட்டேரி. இப்போது தாடை இல்லாத, சதை வற்றிய உருவம். அவனுக்கு ரத்தம் போதாது, உயிரையே உறிஞ்ச வேண்டும். கன்ட்ரோலரைப் பிடித்த சில நிமிடங்களில் அவன் பசி நம் விரலுக்கு வந்துவிடுகிறது. காட்டேரிக் கேம்கள் பலவற்றை ஆடியிருக்கிறேன். இந்த அளவுக்கு என்னைக் காட்டேரியாகவே உணரவைத்தது வேறில்லை.

இந்தக் குளிர்காலத்தில் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள் உட்கார்ந்து மறுபடி ஆடி முடித்தேன். கன்சோல், பாலிகா பஜாரில் வாங்கிய பருமனான பழைய பிளேஸ்டேஷன் 2. கன்னாட் பிளேஸின் அடியில் இருக்கும் அந்தச் சந்தையில்தான் டெல்லியின் ஒரு தலைமுறை வீடியோ கேம் கற்றது. கள்ளப் பிரதிகளுக்குப் பேர்போன சந்தைகளென்று அமெரிக்க அரசு வெளியிடும் பட்டியலில் 2021-இல்கூட அதன் பெயர் இருந்தது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் சிப் போட்ட கன்சோலும் பேனாவால் பெயரெழுதிய வெள்ளி டிஸ்க்கும் இல்லாவிட்டால் என் வயதுக்காரர்கள் பலர் இந்தக் கேமைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். இந்த முறை கிடைத்தது அசல் டிஸ்க். முதல் பிளேஸ்டேஷன் டிஸ்க்கின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வாங்கப்போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பிளேஸ்டேஷன் 2-இல் பழைய டிஸ்க் ஓடும், ஆனால் சேமிக்க முதல் பிளேஸ்டேஷனின் மெமரி கார்டு தனியாக வேண்டும். 128 கேபி, 15 கட்டங்கள், அவ்வளவுதான். அதை மறந்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க ஆடி, அத்தனையும் போனது எனக்கு. அடுத்தது டிவி. புது எல்இடி திரையில் படம் குழைந்து தெரிகிறது, பட்டனை அழுத்துவதற்கும் அடி விழுவதற்கும் நடுவே ஒரு கணம் பிந்துகிறது. பழைய சாமான் வாங்கத் தெருவில் வந்த கபாடிவாலாவிடமிருந்து ஒரு டப்பா டிவியை வாங்கி மாட்டினேன். கல் தூண்களின் நிழல் அப்போதுதான் நிழலாகத் தெரிந்தது.

1999-இல் கிரிஸ்டல் டைனமிக்ஸ் செய்த கேம் இது. இயக்கியவர் ஏமி ஹென்னிக். பிற்பாடு ‘அன்சார்டட்’ தொடரைக் கொண்டுவந்தவர். முதல் பிளேஸ்டேஷனின் நினைவகம் வெறும் 2 எம்பி. அதற்குள் ஒரு முழு உலகத்தை, லோடிங் திரையே இல்லாமல் ஓட்டியிருக்கிறார்கள். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும் வளைந்த நடைவழியில் நாம் நடக்கும்போதே டிஸ்க் அடுத்த இடத்தைப் படித்துக்கொள்கிறது. ராத்திரி வீடு அடங்கியபின் அந்தச் சத்தம் கேட்கும். எனக்கு அது பிடிக்கும்.

அதைவிடப் பெரிய வேலை, இரண்டு உலகங்கள். உடலோடு இருக்கும் உலகிலிருந்து ஒரு கட்டளையில் ஆவி உலகுக்கு இறங்கலாம். கண்ணெதிரே தூண் முறுகும், சுவர் விரியும், எட்டாத விளிம்பு எட்டும் தூரத்துக்கு நீளும். புது அறை எதுவும் வரவில்லை. அதே அறையின் புள்ளிகள்தான் வேறிடத்துக்கு நகர்கின்றன. ஆவி உலகில் கதவு திறக்காது, பொருள் எதையும் தூக்க முடியாது, தண்ணீருக்குக் கனம் கிடையாது. செத்தால் ஆட்டம் முடியாது. ஆவி உலகில் விழுவோம், அவ்வளவே. திரும்பி வர உயிர்களைத் தின்று நிரம்ப வேண்டும், நுழைவாயில் ஒன்றையும் தேட வேண்டும்.

இங்கே எனக்கு டிராகுலாவைவிட வேதாளம்தான் ஞாபகம் வருகிறது. அம்புலிமாமாவில் முருங்கை மரத்தில் தொங்கிய பிணமும் அதற்குள் குடியிருந்த வேதாளமும். அந்தக் கதைகளை 1870-இல் ஆங்கிலத்தில் தந்த ரிச்சர்ட் பர்ட்டன், வேதாளத்துக்கு ‘வேம்பயர்’ என்றே பெயர் வைத்தார். 2003-இல் வந்த ‘டிஃபையன்ஸ்’ பாகத்தில் ராசியேல் உடலுலகுக்கு வர ஒரு பிணத்துக்குள் புகுந்தாக வேண்டும். அதைச் செய்தவர்கள் விக்கிரமாதித்தனைப் படித்தார்களென்று சொல்லவில்லை. நம் ஊர்க்காரருக்கு அந்தக் காட்சி அந்நியமாக இருக்காது என்கிறேன்.

சண்டையில் நகம் காட்டேரியை மயக்கத்தான் செய்யும், கொல்லாது. ஈட்டியில் குத்த வேண்டும், தீயில் எறிய வேண்டும், தண்ணீரில் தள்ள வேண்டும், வெயிலில் வீச வேண்டும். அதனால் எந்த அறைக்குள் நுழைந்தாலும் கண் முதலில் சுவரிலிருக்கும் பந்தத்தையும் ஜன்னல் வழி விழும் வெளிச்சத்தையும் தேடுகிறது. ராசியேலின் தம்பி ரஹாபை அவன் குளத்துக்குள் போய் அடிக்கவே முடியாது. மேலே இருக்கும் கண்ணாடிகளை உடைத்து வெயிலை உள்ளே விட வேண்டும். டெல்லியின் ஜனவரியில், மூடுபனி விலகி மொட்டை மாடியில் வெயில் விழும் நேரத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு அந்தக் கட்டம் கூடுதலாகவே இனிக்கும். பிற்பாடு கைக்கு வரும் ஆவி வாளுக்கும் ஒரு கணக்கு உண்டு. உயிர் நிரம்பி இருக்கும்வரை வாள் இருக்கும், பசியும் நிற்கும். ஒரே ஒரு அடி பட்டால் வாள் மறைந்து பசி திரும்பிவிடும்.

குறைகள் இருக்கின்றன. பெரிய கல் கட்டைகளைத் தள்ளி, புரட்டி, அடுக்கும் புதிர்கள் அளவுக்கு மீறிப் போய்விட்டன. நடுப்பகுதியில் கொத்தனார் வேலை மாதிரி ஆகிறது. வரைபடம் கிடையாது. சேமித்துவிட்டு மறுநாள் வந்தால் விட்ட இடத்தில் விடாது. ஆரம்பப் பாதாளத்திலிருந்து வாயில்கள் வழியாக மறுபடி போக வேண்டும். அரை மணி நேரம் மட்டுமே ஒழியும் ஆட்களுக்கு இது நிஜமான தொல்லை. 2024 டிசம்பரில் வந்த ரிமாஸ்டரில் வரைபடமும் திசைகாட்டியும் சேர்த்திருக்கிறார்கள், ஒரு பட்டனில் பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் மாறலாம். பழைய கன்சோலைத் தேடி அலைய முடியாதவர்கள் அதையே வாங்கலாம்.

ஒப்பிட வேண்டுமென்றால் 1997-இன் ‘கேஸில்வேனியா: சிம்பனி ஆஃப் தி நைட்’ மட்டுமே இதன் பக்கத்தில் நிற்கும். டிராகுலாவின் மகன் அலுகார்டு, தலைகீழாகப் புரளும் கோட்டை, மிச்சிரு யமானேயின் இசை எல்லாம் சேர்ந்து கைக்கு இதைவிட மென்மையாக ஓடும். ஆனால் அங்கே காட்டேரி என்பது வம்சம், அழகு, பசி இல்லை. 2002-இன் ‘பிளட்ரெய்ன்’ வேகமானது, ஒரு வார இறுதிக்குப் போதும்.

‘சோல் ரீவர்’ முடிவதே இல்லை. திட்டமிட்ட பகுதிகள் பல நேரமின்றி வெட்டப்பட்டதால், ராசியேல் துரத்திவந்த கெய்ன் காலவாயிலுக்குள் பாய, ராசியேலும் பின்னாலேயே பாய, கதை பாதியில் நிற்கிறது. அன்றைக்கு முதல் பிளேஸ்டேஷனில் ஆடியவர்கள் 2001 வரை காத்திருந்து, இரண்டாம் பாகத்துக்கென வேறு கன்சோலும் வாங்க வேண்டியிருந்தது. எனக்குக் கன்சோலின் பட்டனை அழுத்தி, வெளியே வரும் தட்டிலிருந்து கறுப்பு டிஸ்க்கை எடுத்துவிட்டு அடுத்ததை வைக்கும் வேலைதான் இருந்தது. அதே காலவாயிலின் முன்னால், அதே கணத்திலிருந்து கதை தொடர்ந்தது. மணி இரண்டேகால். ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.