சரளைக்கல்லின் பேச்சு

அமெரிக்காவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் ஓல்ட் ஃபால் ரிவர் ரோடு என்றொரு சரளைச் சாலை வளைந்து வளைந்து மலையேறுகிறது. கோடையில் அது கார்களுக்கானது, அதுவும் மேல்நோக்கி மட்டும். இலையுதிர் காலத்தில் கார்களை நிறுத்திய பிறகு சைக்கிள்காரர்களுக்கு அங்கே நல்ல காலம். எஞ்சின் இரைச்சல் இல்லாததால் டயருக்கடியில் கல் நறநறப்பது முழுசாகக் கேட்கிறது. ஸ்புரூஸ் மரநிழலில் ஈரம் ஏறிய மண்ணில் அந்த ஒலி கம்மிவிடும். வெயில் காய்ந்த வளைவில் பொடிக்கல் தெறித்துச் சக்கரக்கம்பியில் 'டிங்' என்று படும். வழியில் வரும் காஸம் அருவியோ கண்ணில் படுவதற்கு முன்பே காதுக்கு வந்துவிடுகிறது.

இந்த ஏற்றத்தில் முரட்டுக்கால் உதவாது. எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கிச் சுழலும். இருக்கையில் அமர்ந்தபடி, மாவு பிசைகிற கையின் நிதானத்தோடு, ஒரே சீராக மிதிக்க வேண்டும். அகன்ற டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் அது கல்லை அணைத்துக்கொண்டு ஏறும். கையின் பிடி தளர்ந்திருந்தால் வண்டி தன் வழியைத் தானே தேர்ந்துகொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் தளர்வுதான். உச்சி கிட்டத்தட்ட 3,600 மீட்டர். அதற்கு முன்பே மரங்கள் குட்டையாகி நின்றுபோகும், மூச்சும் சிறுத்துவிடும். அங்கே அவசரப்படுபவர்களைவிட மெதுவாக மிதிப்பவர்களே அழகாக ஏறுகிறார்கள்.