ரோஷன் ஆரா என்ன சொன்னாள்?

உருது நகைச்சுவைக் கட்டுரை என்றதும் எடுத்த எடுப்பில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று பத்ரஸ் புகாரி (1898–1958). அவருடைய ‘நான் ஒரு கணவன்’ கட்டுரையில் மனைவி ரோஷன் ஆரா தாய்வீடு போயிருக்கிறாள். மனம் வாடுகிறது, உடனே வா என்று தந்தியடித்துவிட்டு, கணவன் நண்பர்களோடு வீட்டில் சீட்டாடுகிறான். தோற்றதற்குத் தண்டனையாகத் தலையில் காகிதக் குல்லா, கையில் ஹுக்காவுக்கான சிலும்பி. அந்தக் கோலத்தில் முற்றத்துக்கு வரும்போது வாசல் கதவு திறக்கிறது. புர்கா விலகுகிறது. ரோஷன் ஆரா!

விழுந்து விழுந்து சிரிக்க வைக்கும் இடம். ஆனால் அவள் வாய் திறந்ததும் கட்டுரை நைசாக நழுவிவிடுகிறது. அவள் பேசியது மயக்கத்தில் கேட்டதுபோல் இருந்ததாம்; அதை எப்படிச் சொல்வதாம்! நான் படிக்க விரும்பும் வரிகள் அங்கேதான் இருந்திருக்கும். கணவன் தன்னையே கேலி செய்துகொள்கிறான், ஆகவே இது பெண்ணுக்குச் சாதகமான எழுத்து என்பார்கள். கேலி அவன்மீதுதான், பேச்சும் அவனுடையதுதான்.

அப்படியொரு வாசலில் நின்று பேசியவள் நம்மிடம் உண்டு. சிவகங்கைச் சீமை ஒக்கூரைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் மாசாத்தியாரைப் புறநானூறு 279இன் வீரத்தாயோடு நாம் முடித்துவிடுகிறோம். சங்கத் தொகைகளில் அவர் பாடல்கள் எட்டு. குறுந்தொகை 139இல், பரத்தையிடமிருந்து திரும்பிய தலைவனைத் தோழி வாசலில் மறிக்கிறாள். அந்தியில் காட்டுப்பூனையைக் கண்டு பதறி, குஞ்சுகளைக் கூவியழைக்கும் வீட்டுக் கோழியைக் காட்டுகிறாள். ஊர்ப்பேச்சும் அப்படித்தான் காதில் அறைகிறதாம். எங்கள் தெருவுக்கு வராதே என்றவள், ஐயா நீர் நன்றாக இரும் என்றும் சேர்த்துக்கொள்கிறாள். வைதிருந்தால் அவன் சமாதானம் பேசியிருப்பான். வாழ்த்துக்கு என்ன பதில் சொல்வது?

உருதுவில் இந்தக் குரலை இஸ்மத் சுக்தாயிடம் கேட்கலாம். ‘லிஹாஃப்’ (1942) கதைக்காக லாகூரில் ஆபாச வழக்கு. அதைப் பற்றிய நினைவுக் கட்டுரையில் ஒரு சாட்சி வருகிறார். பெண்கள் காதலர்களைச் சேர்ப்பதாக எழுதியது ஆபாசம் என்கிறார். எந்தச் சொல் ஆபாசம், ‘காதலரா’, ‘சேர்ப்பதா’ என்று வக்கீல் துளைக்கிறார். நல்ல குடும்பத்துப் பெண்களுக்கு அது தகாது என்று சாட்சி திணறுகிறார். அப்படியானால் மற்றப் பெண்களுக்குத் தகுமா? இஸ்மத் அவரை ஒரு வார்த்தை வையவில்லை. பேசவிட்டு எழுதிக்கொள்கிறார்.

தமிழில் குமுதினி 1930களில் ஆனந்த விகடனில் எழுதிய அந்தப்புரக் கடிதங்களும் இந்த வழிதான். அயோத்தியிலிருந்து சீதை தாய்க்கு எழுதுவதெல்லாம் புடவை, நிறம், கரை. திடீரென்று வனவாசம்; இப்போது கேட்பது மரவுரி. இதை ‘மெல்லிய நகைச்சுவை’ என்று கடந்துபோகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அரண்மனையில் யார் யாரோ எடுத்த முடிவு, அவள் கடிதத்தில் உடுதுணி மாற்றமாக மட்டுமே வந்து சேர்கிறது.