கள்வர்க்கும் அறமுண்டோ?

தீநெறியிற் செல்வாரும் தமக்கென ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, அதனைக் கடவாமையையே பெருமையாகக் கருதுதல் உலகியல்பு. "யான் கள்வனே, ஆயினும் எளியாரைத் தொடேன்" என்பாரும், "கவர்ந்த பொருளைத் திருப்பணிக்கன்றோ செலவிட்டேன்" என்பாரும் உளர். இவ்வெல்லை அறமாமோ என ஆராய்வார்க்குச் சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகம் பெரிதும் பயன்படுவதாகும். பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியாரவர்கள் (1881–1953) இதனை 'மண்ணியல் சிறுதேர்' எனத் தமிழிற் றந்துள்ளார்கள்.

அந்நாடகத்தில் வரும் சருவிலகன் அந்தணர் குலத்திற் பிறந்த கள்வன். வசந்தசேனையின் பணிப்பெண்ணாகிய மதனிகையை அடிமையினின்று மீட்டற்குப் பொருள் வேண்டி, உச்சயினியில் ஓர் இல்லின் சுவரைத் துளைக்கின்றான். களவும் ஒரு நூன்முறையுடைய கலையென்பது அவன் கொள்கை. முருகவேளைத் தன் தொழிற்குத் தெய்வமாக வணங்குகின்றான். துளையின் வடிவு தாமரையோ பிறையோ நிறைகுடமோ என எண்ணுகின்றான். அளவு கயிற்றை மறந்து வந்தமையின், தன் பூணூலையே அளவு கயிறாக்குகின்றான். பின்னர் மதனிகையிடம் தன் ஒழுக்கத்தை எடுத்துரைக்கின்றான்: அணி புனைந்த மகளிரைக் கொள்ளையிடேன்; அந்தணர் பொருளையும் வேள்விக்கென வைத்த பொன்னையும் கவரேன்; செவிலி மடியிலுள்ள குழவியைப் பறியேன்; களவிலும் தக்கது தகாதது நாடும் அறிவுடையேன் என்பன அவன் கூற்றின் கருத்து. உறங்குவாரையும் அஞ்சுவாரையும் தாக்கான் என்பதும் அவன் வாயாலே அறியப்படும்.

இவை வெறும் பசப்புரை என்று தள்ளற்பாலன அல்ல. மணந்த அன்றே, தன் நண்பன் சிறைப்பட்டான் எனக் கேட்டுப் புதுமனைவியை விடுத்து அவனை மீட்கச் செல்லும் சருவிலகன் மானமிலி அல்லன். ஆயின் அவன் வகுத்த எல்லை நின்றதா என்பதே ஈண்டு வினா.

அவன் கவர்ந்து சென்ற பேழையை நோக்குக. அதிலிருந்தவை ஒரு பெண்ணின் அணிகலன்கள். அவை அடைக்கலமாக இருந்த இல்லமோ வறுமையுற்ற அந்தணனாகிய சாருதத்தனது. எவ்விரண்டைத் தொடேன் என்றானோ, அவ்விரண்டையுமே ஒரே இரவில் தொட்டான்! அறியாமற் செய்தானே எனின், அதுவே நாம் கூறவந்தது. இன்னார் பொருளைக் கொள்ளேன் என்னும் விரதத்திற்கு இன்னார் பொருள் இஃது என்னும் அறிவு வேண்டும்; களவோ இருளில் நிகழ்வது. தொழிலே அவ்வறிவை மறைக்குமாயின் விரதம் யாங்ஙனம் நிலைபெறும்? துன்பமும் அவன் எண்ணிய அளவில் நிற்கவில்லை. அவன் கண்ணாலும் கண்டிராத சாருதத்தன் மனைவி, கணவன் பழி நீங்கும்பொருட்டுத் தன் முத்துமாலையை இழக்க நேர்ந்தது.

இன்னும் நுட்பமானது ஒன்றுண்டு. வீட்டின் வறுமையைக் கண்ட சருவிலகன் ஒன்றும் கொள்ளாது மீளவே கருதினான். அப்போது மைத்திரேயன் கனவில் பிதற்றி, பசுவின்மீதும் பார்ப்பனர்மீதும் ஆணையிட்டுப் பேழையைப் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டினான். அவ்வாணையை மீறலாகாது என்று கள்வன் அதனை வாங்கிக்கொண்டான். களவைத் தடுக்கவேண்டிய பத்தியே களவிற்குக் காரணங் காட்டியது! பூணூல் அளவு கயிறானதும் இதுபோல்வதே. தீவினை நீங்காதவிடத்து அறத்தின் அடையாளங்களெல்லாம் அத்தீவினைக்கே கருவியாய் விடும் என்க.

திருவள்ளுவனார் கள்ளாமையை 29ஆம் அதிகாரமாகத் துறவறவியலில் வைத்தமை ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. களவு கையின் தொழிலாதற்கு முன்னர் உள்ளத்தின் தொழில். அதன் வேர் 'எனது' என்னும் பற்று. யாரை விடுத்தோம் என்று எண்ணிக் களித்தலால் அவ்வேர் அறாது. சருவிலகனை உயர்த்தியது அவனது கள்வர் நெறியன்று. மதனிகையின் சொற்கேட்டு அணிகளை உரியவள்பாற் சேர்ப்பித்தமையே யாம்.

அற்றேல், சூதாடிப் பொருளீட்டிய மூர்க்க நாயனாரை அடியாராகப் போற்றுதல் என்னை? என்று சிலர் வினவுவர். தீய வழியில் ஈட்டிய பொருளைக் கோயிலுக்கு ஈவார் சிலர் அவர் பெயரையே அரணாகவும் கொள்வர். அது பொருந்தாது. திருவேற்காட்டில் தோன்றிய நாயனார் தம் உடைமை முழுவதையும் அடியார் அமுதுக்கே செலவிட்டு, வேறு வழியின்றியே சூதினை மேற்கொண்டார். அவர் ஆடியது இருளிலன்று. இருவரும் உடன்பட்டு, பலர் காண ஆடியது. சுரிகை உருவியதும், தோற்றும் கொடாது மறுத்தார்மேலேயே. வென்ற பொருளைத் தாம் கையாலும் தீண்டாராய், அடியார் அனைவரும் உண்டபின் கடைப்பந்தியில் உண்டார் என்பது சேக்கிழார் பெருமான் காட்டும் வரலாறு. இங்கே 'எனது' என்பது இல்லை. அங்ஙனமாகவும், அவர்க்கு 'மூர்க்கர்' என்ற பெயரைப் புராணம் மறைக்கவுமில்லை. சூதினைப் பிறர்க்கு விதியாக்கவுமில்லை.

ஆதலின், கவர்ந்ததில் ஒரு பங்கை இறைவனுக்கு ஈந்து எஞ்சியதைத் தாம் துய்ப்பார் நாயனார் வழியினரல்லர். சருவிலகன் வழியினரும் அல்லர். அவனாவது பேழையைத் திருப்பிச் சேர்த்தான். உரியார்க்கு உரியதை மீட்டளித்தலே அவர்தம் முதற் றிருப்பணியாம் என்பதை அன்பர்கள் ஓர்ந்துணர்வார்களாக.