மௌனத்தின் குற்றவாளி யார்?

“பிள்ளைகள் ஆங்கில வகுப்பில் வாய் திறப்பதில்லை” என்னுங் குறை, கொழும்புப் பாடசாலைகளின் ஆசிரியர் அறைகளில் நாடோறும் கேட்பது. கூச்சம், சோம்பல், வீட்டிற் பழக்கமின்மை எனக் காரணங்கள் அடுக்கப்படும். அத்துடன் விசாரணை முடிந்துவிடும், மாணவனே குற்றவாளி. தமிழ் கற்பிக்கும் நாம் இவ்வழக்கில் தலையிடக் காரணம் உண்டு. ஆங்கிலப் பாடவேளையில் ஊமையாயிருக்கும் அதே மாணவன், அடுத்த பாடவேளையில் எம் முன்னிலையில், கண்ணகி மதுரையை எரித்தது முறையோ என்று வாதாடுகின்றான். ஆகவே கூச்சம் அவனது பிறவிக்குணமன்று.

கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தையும் செட்டியார் தெருவையும் நம்பி வாழும் குடும்பங்களின் பிள்ளைகளைக் கவனியுங்கள். பஸ் நடத்துநரிடமும் மரக்கறிக் கடையிலும் கிரிக்கெட் ஆடும் ஒழுங்கையிலும் அவர்கள் சிங்களம் பேசுகின்றனர். வேற்றுமை பிழைக்கும், வினைமுற்றுத் தவறும், இடையே தமிழ்ச்சொல் புகும். கேட்பவர் பொருளை விளங்கிக்கொண்டு மறுமொழி கூறுவார், உரையாடல் தொடரும். இச்சிங்களத்தின் பெரும்பகுதியை எந்தப் பாடநூலும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. ஆனால், மூன்றாந் தரம் முதல் பதினோராந் தரம் வரை ஒன்பது ஆண்டுகள் கற்கும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேச அவர்களின் நா எழுவதில்லை. ஏன்? சிங்களத்திற் பிழைவிட்டால் வாங்க வந்த பொருள் கைக்கு வரச் சற்றுத் தாமதமாகும். ஆங்கிலத்திற் பிழைவிட்டாலோ, தன் தந்தை என்ன தொழில் செய்கின்றார், தான் எந்தத் தெருவிலிருந்து வருகின்றான் என்பவையெல்லாம் வகுப்பின் முன் வெளிப்பட்டுவிடும். ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்றால் போதும். பின்வாங்கிலிருந்து சிரிப்பு எழும்.

இச்சிரிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வரும்வரை, ஆங்கிலப் பாடசாலைகள் பெரும்பாலும் கட்டணஞ் செலுத்த வல்லவர்க்கே உரியனவாயிருந்தன. ஏனையோர்க்குச் சுயமொழிப் பாடசாலைகளே கிடைத்தன. உத்தியோகமும் அதிகாரமும் ஆங்கிலத்தின் வழியே சென்றன. கன்னங்கராவின் சீர்திருத்தம் பாடசாலையின் வாயிலைத் திறந்தது. ஆங்கிலத்தைச் சூழ்ந்திருந்த வர்க்க மதிலை அதனால் முற்றாகத் தகர்க்க இயலவில்லை. பிற்காலத்திற் பல்கலைக்கழகச் சிங்கள மாணவர் ஆங்கிலத்திற்கு இட்ட பெயர் ‘கடுவ’; அதாவது வாள். மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் அச்சொல்லையே தலைப்பிற் கொண்டு ஆங்கிலத்தின் அதிகாரத்தை ஆராய்ந்தார். வாளேந்தியவன் முன் வெறுங்கையன் மௌனமாய் நிற்பதைக் கூச்சமென்று கூறுவோமா?

வெள்ளவத்தையிலும் இதே நிலையைக் காணலாம். வீட்டில் ஆங்கிலம் பேசுவோரின் பிள்ளைகளும், போர்க்காலத்தில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தோரின் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்கின்றனர். வினா எழுந்ததும் முன்னவரின் கை உயரும். ஆசிரியரின் கண்ணும் அங்கேயே செல்லும். மௌனத்தைப் போக்கவென நாம் நடத்தும் ஆங்கில தினப் போட்டிகளும் ஏற்கெனவே பேசத் தெரிந்தவர்க்கே மேடை அமைக்கின்றன. மற்றவர்களுக்குக் கைதட்டும் பணி.

அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, வினாவை எழுப்பிய ஆசிரியர் ஏறத்தாழ ஒரு விநாடியே விடைக்குக் காத்திருப்பதைக் கண்டார். அது மூன்று விநாடியானதும் விடைகள் நீண்டன; அதுவரை பேசாதிருந்தோரும் பேசத் தொடங்கினர். தமிழில் நினைத்து ஆங்கிலத்திற் சொல்லவேண்டிய பிள்ளைக்கு அம்மூன்று விநாடியும் போதாது. முதலில் அருகிலிருப்பவனுடன், தமிழிலேனும், விடயத்தைப் பேசித் தெளிய விடுவோம். பின்னர் இருவராக ஆங்கிலத்திற் சொல்லட்டும். வகுப்பு முழுவதன் முன்னும் பேசுவது அதற்கும் பின்னரே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1999இல் வெளியான தம் நூலில், மாணவர் அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களிற் கிறுக்கியவற்றை ஆராய்கின்றார். வகுப்பில் அடங்கியிருந்தோர் அவ்வோரங்களில் அரசியலையும் காதலையும் சினிமாவையும் எழுதி வைத்திருந்தனர். சொல்வதற்கு அவர்களிடம் விடயம் இருந்தது. பாடத்தில் அதற்கு இடமிருக்கவில்லை.

“அப்படியாயின் பிழையான ஆங்கிலமே ஏழைப் பிள்ளைக்குப் போதுமென்கிறீர்களா?” எனச் சிலர் வினவக்கூடும். நியாயமான வினா. பல்கலைக்கழகத்தின் பல துறைகளும் நல்ல உத்தியோகங்களும் இன்றும் ஆங்கிலத்தையே கேட்கின்றன. திருத்தமான ஆங்கிலம் வெள்ளவத்தைப் பிள்ளையை விடக் கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கே அதிகந் தேவை. ஆகவே திருத்தத்தான் வேண்டும். ஆனால் பேசி முடித்தபின் திருத்துவோம். பெயர் சுட்டாது, எல்லோருக்கும் பொதுவான பிழையாகக் கரும்பலகையிற் காட்டுவோம். பேசாதவனிடம் திருத்துவதற்கு என்ன இருக்கின்றது?

இவ்வளவும் ஆங்கில ஆசிரியர்க்குச் சொன்ன உபதேசமாக முடிந்துவிடலாகாது. எம் தமிழ் வகுப்பில் ஒரு மாணவி மலையகப் பேச்சுவழக்கில் விடை கூறினாள். வகுப்புச் சிரித்தது, நாமும் புன்னகைத்தோம். அவ்வாண்டு முடியும்வரை அவள் எம் பாடத்தில் மீண்டும் கை உயர்த்தவில்லை. 1960களின் தொடக்கத்தில், எளிய மக்களின் பேச்சு இலக்கியத்தில் வருவதை ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் சிலர் பழித்தபோது, முற்போக்கு எழுத்தாளர் அதனை எதிர்த்து நின்றனர். அவர்களின் வாரிசுகளென நாம் பெருமை கொள்கின்றோம். கதையில் வரும் தொழிலாளியின் பேச்சைப் பாராட்டிவிட்டு, வகுப்பில் இருக்கும் அவன் மகளின் பேச்சுக்குப் புன்னகைத்தவர் நாமே.

ஆங்கில வகுப்பின் மௌனத்தில் எமக்கும் பங்குண்டு. வீட்டிலிருந்து கொண்டுவந்த தமிழே நகைப்புக்குரியது எனக் கண்ட பிள்ளை, அந்நிய மொழியில் எந்த நம்பிக்கையில் வாய் திறப்பாள்? அடுத்த முறை வகுப்பிற் சிரிப்பு எழும்போது, பாடத்தை நிறுத்திச் சிரித்தவரிடம் ஏனென்று கேட்பதிலிருந்து நாம் தொடங்குவோம். அம்மாணவி இன்னும் எம் பாடசாலையில்தான் இருக்கின்றாள்.