ஆம்பூரில் இன்னொரு மிஷன் பள்ளி வேண்டுமா?

ஆம்பூரின் நெருக்கடியான தெருக்களுக்கு நடுவே மிஷன் சார்பில் புதிதாக ஒரு தொடக்கப் பள்ளி கட்டலாமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஏழைப் பிள்ளைகள், படிப்பு, தர்மம் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் கணக்குக் கேட்பவன் கல்நெஞ்சக்காரன் ஆகிவிடுவான். ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்.

பழைய கதை பெருமைக்குரியதுதான். 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் வேலூர்ப் பக்கம் பள்ளிகளையும் ஊரீசு கல்லூரியையும் தந்தது. 1895இல் கிருஷ்ணகிரியில் கால்பதித்த மிசௌரி லுத்தரன் மிஷன் ஆம்பூருக்கு வந்து கன்கார்டியா பள்ளியையும் பெத்தேஸ்தா மருத்துவமனையையும் விட்டுச்சென்றது. அந்தக் காலத்தில் சேரிப் பிள்ளைக்கு உட்கார இடம் கொடுத்த பள்ளிகள் குறைவு. கொடுத்தவற்றில் மிஷன் பள்ளிகள் முன்னால் நின்றன. இதை யாரும் குறைக்க முடியாது. ஆனால் நாம் நினைவில் வைத்திருப்பது பாதிக் கதையை. 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கைக்குப் பிறகு சர்க்கார் மானியம் தரத் தொடங்கியது. மிஷன் இடமும் கட்டிடமும் ஆளும் கொடுத்தது. சம்பளச் சுமையில் சர்க்காரும் தோள்கொடுத்தது. நூறு வருடத்துக்கு மேல் அந்தப் பள்ளிகள் நின்றதற்கு ஜெபம் மட்டும் காரணமில்லை, கஜானாவும் காரணம்.

அந்தக் கஜானா புதிய பள்ளிக்குத் திறக்காது. 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் சட்டத்தில் பிற்பாடு சேர்த்த 14-ஏ பிரிவு, 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கிய தனியார் பள்ளிகளுக்கு மானியம் கிடையாது என்றது. ஆகவே இன்று யார் கட்டினாலும் அது சுயநிதிப் பள்ளிதான். ஆசிரியர் சம்பளம், பாடநூல், சீருடை, சத்துணவு எதுவும் அரசிடமிருந்து வராது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022இல் தொடங்கி, 2024இல் ஊர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. பழைய மிஷன் பள்ளியில் பிள்ளை காலையில் உப்புமா சாப்பிடும். பக்கத்துத் தெருவில் அதே மிஷன் புதிதாகக் கட்டும் பள்ளியில் வெறும் வயிற்றோடு உட்காரும்.

இன்னொரு வழியும் அடைபட்டிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் ஏழைகளுக்கு, கட்டணம் அரசுடையது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை மறுபரிசீலிக்க வேண்டும் என்று 2025இல் இரு நீதிபதிகள் அமர்வு கருதியிருக்கிறது. முடிவு வரும்வரை மிஷன் பள்ளிக்கு அந்தப் பணமும் இல்லை.

சரி, கணக்குப் போடுவோம். வகுப்புக்கு 30 பேர், ஐந்து வகுப்பு, 150 பிள்ளைகள். ஐந்து ஆசிரியர்களுக்கு மாதம் 15,000 வீதம் வருடம் 9 லட்சம். ஆயா, கரண்ட், தண்ணீர், ரிப்பேர் எல்லாம் சேர்த்து இன்னும் 3 லட்சம் என்று வைப்போம். பிள்ளைக்கு வருடம் 8,000 ரூபாய். இரண்டு பிள்ளை என்றால் 16,000. ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கும் வீட்டில் இது சின்னத் தொகை இல்லை. அந்த 15,000 சம்பளமும் சொல்லிக்கொள்கிற மாதிரி கிடையாது. அரசுப் பள்ளி இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியமே 20,600, அகவிலைப்படி தனி. நல்ல டீச்சர் தேர்வு எழுதிப் போய்விடுவார். மறுபடி புது டீச்சர், மறுபடி அ, ஆ.

நன்கொடையாளர்கள் தரமாட்டார்களா? தருவார்கள், கட்டிடத்துக்கு. மார்பிள் கல்லில் பெயர் பொறிக்க இடமுண்டு. ஏழாம் வருடத்து மே மாதச் சம்பளத்தில் யார் பெயரைப் பொறிப்பது? வெளிநாட்டு நிதிச் சட்டத்தை 2020இல் திருத்திய பிறகு அந்தப் பக்கமும் கெடுபிடி கூடிவிட்டது.

இடம் அடுத்த சிக்கல். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் எரிந்துபோனார்கள். ஒரே கட்டிடத்தில் பல பள்ளிகளை அடைத்து, மேலே கீற்று வேய்ந்து, குறுகலான படிக்கட்டு வைத்திருந்தார்கள். நெருக்கடியான பேட்டையில் பள்ளி கட்ட நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தீயணைப்பு வண்டி உள்ளே வருமா என்பதை. மெட்ரிக் பள்ளிகளுக்கு அரசு அமைத்த சிட்டிபாபு குழு நகராட்சியில் 10 கிரவுண்டு கேட்டது, அதாவது 24,000 சதுர அடி. தொடக்கப் பள்ளிக்கு அதில் பாதி போதும் என்று வைத்தாலும் ஆம்பூரின் உள் தெருக்களில் 12,000 சதுர அடி எங்கே இருக்கிறது? இருந்தாலும் என்ன விலை? கடைசியில் நடப்பது தெரிந்ததே. ஊருக்கு வெளியே, பைபாஸ் ஓரமாக மாதனூர்ப் பக்கம் மனை மலிவாகக் கிடைக்கும். போர் போட்டால் தண்ணீர் வரும். பாலாற்றங்கரையில் டேனரிகள் விட்ட கழிவு பற்றி 1996இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பூமி என்பதால் குடிக்க முடியுமா என்பது வேறு கதை. பிள்ளைகளைக் கூட்டிவர வேன் ஓடும், வேனுக்குத் தனிக் கட்டணம். சேரிக்காக நினைத்த பள்ளி வேன் பள்ளியாகிவிடும்.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஏழைகள் ஏற்கெனவே கடன் வாங்கி நர்சரி பள்ளிகளுக்குக் கட்டுகிறார்கள். மிஷன் அதைவிடக் குறைத்து, இங்கிலீஷும் ஒழுக்கமுமாகச் சொல்லிக்கொடுத்தால் லாபம்தானே? லாபம்தான், கட்ட முடிந்தவர்களுக்கு. கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை பழைய உதவிபெறும் பள்ளியில் மிஞ்சும். அங்கேயோ ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிட நிர்ணயம். முப்பது பிள்ளை புதுப் பள்ளிக்குப் போனால் ஓர் ஆசிரியர் உபரி ஆவார். ஆள் குறைந்தால் பெற்றோர் நம்பிக்கை குறையும், சேர்க்கை இன்னும் சரியும். மிஷனின் புதுப் பள்ளி மிஷனின் பழைய பள்ளியைத்தான் முதலில் சாப்பிடும். என் கணிப்பில் மற்ற எல்லாக் குறையையும்விட இதுவே பெரியது.

இந்த வட்டாரத்துக்கு உண்மையில் எது இல்லை? விடிந்ததும் மாதனூர் நிறுத்தத்தில் நிற்கும் ஷூ கம்பெனி அம்மாக்களைப் பார்த்தால் தெரியும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை, ஒரு கண் கம்பெனி பஸ் வரும் திசையில், இன்னொரு கண் பாட்டியின் கையைப் பிடித்து நிற்கும் பிள்ளை மேல். பள்ளி நாலு மணிக்கு விடும். அம்மா வீடு சேர ஆறரை, ஏழு. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் கம்பெனி குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்றது 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டம், அதுவும் ஆறு வயது வரைக்கும்தான். ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் பிள்ளை யார் பொறுப்பும் இல்லாமல் தெருவுக்கு வந்துவிடுகிறது. ஆம்பூரில் பள்ளிக்கூடச் சுவர்கள் போதுமான அளவு இருக்கின்றன. நாலு மணிக்கு மேல் அவற்றுக்குள் ஆள் இல்லை.

ஆகவே என் தீர்ப்பு: புதிய பள்ளி கட்டக் கூடாது. கையில் உள்ள உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் அந்தப் பணம் இறங்க வேண்டும். ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. கட்டிடப் பராமரிப்பு நிர்வாகத்தின் தலையில்தான். ஓடு மாற்றுவது, கழிப்பறை கட்டுவது, காவிரிக் குடிநீர் இணைப்பு வாங்குவது இவற்றுக்குத்தான் நன்கொடை வேண்டும். மாலை நாலு முதல் ஏழு வரை சுண்டல், வீட்டுப்பாடம், விளையாட்டு, அதற்குச் சம்பளத்துக்கு இரண்டு உள்ளூர்ப் பெண்கள். 2021இல் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது மாலை வகுப்புக்கு ஆள் கிடைக்கும் என்று தமிழ்நாடு பார்த்துவிட்டது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கல்வி உரிமைச் சட்ட விதிகள் சொல்லும் ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளியே இல்லாத பேட்டை ஏதாவது இருந்தால், முதலில் நகராட்சிப் பள்ளி கேட்டு மனுக் கொடுக்கட்டும். அரசு கைவிரித்தால் மிஷன் கட்டலாம், கட்டணமே இல்லாமல். வருடம் 12 லட்சம் வட்டி வர, 7 சதவீதத்தில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் கோடி ரூபாய் வைப்பு நிதி வேண்டும். அந்த ரசீதைச் சபைக் கூட்டத்தில் காட்டிய பிறகு அஸ்திவாரம் தோண்டலாம்.