பான்ஹாமின் வலது கால்

ராக் குழுவான லெட் ஸெப்பலினின் டிரம்மர் ஜான் பான்ஹாம் என்றாலே, 'என்ன அடி அடிப்பார்!' என்றுதான் பேச்சு தொடங்கும். அவரைப் பின்பற்றிய பலரும் அந்தப் பலத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அவருடைய வாசிப்பின் உயிர் வலது காலில் இருக்கிறது.

லெட் ஸெப்பலினின் முதல் ஆல்பம் 1969 ஜனவரியில் வந்தது. முதல் பாட்டு 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்'. மும்மூன்றாகப் பிரியும் அடிகளில் பின்னிரண்டையும் பாஸ் டிரம்மில் கால் மிதித்துக்கொண்டே போகும். இரண்டு பெடல் வைத்திருக்கிறார் என்றே கேட்பவருக்குத் தோன்றும். இருந்தது ஒன்றுதான். அப்போது அவருக்கு வயது 20. ரெடிட்ச் ஊர்க்காரர், அப்பாவோடு தச்சு வேலை பார்த்தவர்.

அவருடைய உச்சம் 1971-ல் வெளியான 'வென் த லெவி பிரேக்ஸ்'. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் மாடிப்படிக் கூடத்தில் டிரம் செட்டைப் போட்டு, ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டே மைக்குகளை மேலிருந்து தொங்கவிட்டார். ஒவ்வொரு டிரம்முக்கும் தனி மைக் இருந்தால் ஏற்ற இறக்கத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். இங்கே அதற்கு வழியே இல்லை. ஸ்னேர் எவ்வளவு, சிம்பல் எவ்வளவு, கால் எவ்வளவு என்ற கணக்கு முழுவதையும் வாசிக்கும்போதே பான்ஹாம் முடித்தாக வேண்டும். முடித்திருக்கிறார். அடிகளுக்கு நடுவே கூடத்தின் எதிரொலிக்கு இடம்விட்டு, அவசரமே இல்லாமல் நடக்கிறது தாளம். 1986-ல் ஹிப்ஹாப் குழுவான பீஸ்டி பாய்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தை இந்த டிரம்ஸை வெட்டியெடுத்துத்தான் தொடங்கினார்கள். ராக் பக்கம் தலைவைக்காத ஹிப்ஹாப் ரசிகர்களுக்கும் அவர் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்.

'மோபி டிக்'கில் வெறுங்கையால் வாசிக்கும் நீண்ட தனி ஆவர்த்தனம் பிரசித்தம். அதைவிட 'காஷ்மீர்' பெரிது என்பேன். கிட்டார் மூன்று மூன்றாகச் சுற்ற, இவர் நான்கைவிட்டு நகரமாட்டார். பன்னிரண்டில் இரண்டும் சந்திக்கும். அந்தப் பிடிவாதம்தான் பாட்டைத் தாங்குகிறது.

குடி அவரை 1980 செப்டம்பர் 25 அன்று 32 வயதில் கொண்டுபோனது. டிசம்பரில் மற்ற மூவரும் குழுவைக் கலைத்தார்கள். 1985-ல் லைவ் எய்ட் நிகழ்ச்சியில் அவர்கள் மீண்டும் சேர்ந்தபோது ஃபில் காலின்ஸ், டோனி தாம்ப்சன் என இரண்டு தேர்ந்த டிரம்மர்கள் பின்னால் உட்கார்ந்தும் கச்சேரி ஒட்டவில்லை. 2007-ல் லண்டன் ஓ2 அரங்கில் முழுக் கச்சேரி செய்யத் துணிந்தபோது, டிரம்ஸுக்கு அவர்கள் அழைத்தது பான்ஹாமின் மகன் ஜேசனை.