புள்ளிங்கோ: யாருடைய குழூஉக்குறி?

'இந்தக் காலத்துப் பசங்க பேசுறது ஒரு எழவும் புரியலை தோழர். யாராச்சும் ஒரு அகராதி போட்டாத் தேவலை.' புத்தக விமர்சனக் கூட்டம் ஒன்று முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது மூத்த தோழர் ஒருவர் இப்படிச் சொன்னார். மகளுடைய செல்போனில் பார்த்த சொற்களை ஒரு துண்டுத்தாளில் குறித்தும் வைத்திருந்தார். பூமர், கிரிஞ்ச், வைப், சிம்ப், ரிஸ்... நாங்கள் நாலைந்து பேர் ஆளுக்கொன்றாகப் பொருள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். 'புள்ளிங்கோ' வந்தபோது நான்தான் முந்திக்கொண்டேன். 'அதுங்களா? மண்டையில கலர் அடிச்சிக்கிட்டு மூணு பேரு ஒரே வண்டியில போவுமே, அதுங்கதான்.' அதற்கும் சிரித்தோம்.

எம்.ஏ. தமிழ் படித்தவன், மொழியும் அதிகாரமும் என்று பத்து வருஷமாகக் கட்டுரை எழுதுகிறவன், உயர்திணையை அஃறிணையாக்கிவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்திருக்கிறேன். அப்போது எதுவும் உறைக்கவில்லை. உறைத்தது இரண்டு மாதம் கழித்து. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்த அகராதி ஆசை. நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பிரிக்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர் என்று குழூஉக்குறிக்கு உதாரணம் படித்திருப்போம். தட்டான் பொன்னைப் பறி என்று சொல்வது எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளுக்குப் புரியக் கூடாது என்பதற்காகத்தான். புரியாமல் இருப்பதே அந்தச் சொல்லின் வேலை. இளசுகள் பேசுவது புரியவில்லை என்று அங்கலாய்ப்பது, பூட்டுப் பூட்டியிருக்கிறதே என்று பூட்டுக்காரனிடம் முறையிடுவது மாதிரி. இந்த அளவில் எனக்கு அந்தத் தோழரோடு சண்டை இல்லை. தமிழாசிரியர்கள் இருநூறு பக்கத்தில் சொல்ல முடியாததை 'மொக்கை' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போன தலைமுறைக்கு நான் கடன்பட்டவன்.

ஆனால் ஒன்று. 'பறி'யை எடுத்து யாரும் பொற்கொல்லரைத் திருப்பி அடிக்கவில்லை. அது பட்டறைக்குள்ளேயே இருந்தது. குழுவைச் சுற்றி ஒரு சுவர் உண்டு என்று நம்பித்தான் நன்னூலார் இலக்கணம் செய்தார். யூடியூபுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் சுவர் இல்லை. சொல் வெளியே போகிறது, வேறு கைகளுக்கு மாறுகிறது, பிறகு கல்லாகத் திரும்பி வருகிறது. சொன்னவன் மேலேயே விழுகிறது. அகராதி இந்தப் பயணத்தைச் சொல்லாது. கடைசியாகச் சொல் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்லும் பொருளைத்தான் அது சொல்லும்.

'புள்ளிங்கோ' அப்படிப் போய்த் திரும்பிய சொல். நான் வியாசர்பாடியில் வளர்ந்தவன். 'நம்ம புள்ளிங்கோ வந்துச்சா?' என்றால் நம்ம பசங்க வந்துட்டாங்களா என்று அர்த்தம். பிள்ளை, புள்ள, புள்ளைங்க, புள்ளிங்கோ. இதிலே ஒரு ரகசியமும் கிடையாது. சாவு வீட்டில் பந்தல் போடவும் கேரம் போர்டு ஆடவும் வருகிற பிள்ளைகள், அவ்வளவுதான். 2018-19 வாக்கில் கானா ஸ்டீபனின் பாட்டு ஒன்று யூடியூபில் பரவி இந்தச் சொல்லை ஊரெங்கும் கொண்டுபோனது. அந்தப் பாட்டில் அது பெருமையான சொல், தங்களைத் தாங்களே அழைத்துக்கொண்ட பெயர். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் முதல் கச்சேரி நடத்தியதும் 2018 ஜனவரியில்தான். கானாவைச் சபைக்குக் கொண்டுவந்த அந்த நிகழ்ச்சியைப் பற்றி நாமெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினோம். அதே காலத்தில், அதே தெருவிலிருந்து கிளம்பிய ஒரு சொல்லுக்கு மீம்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்க்கத் தவறினோம். கலர் முடி, ஒல்லியான உடம்பு, இறுக்கமான பேண்ட், கறுத்த முகம் - இந்த உருவத்தின் மேல் அந்தச் சொல்லை ஒட்டினார்கள். சாதிப் பெயர் சொன்னால் வழக்கு வரும். புள்ளிங்கோ என்று சொன்னால் லைக்குதான் வரும்.

'பிள்ளை' என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் வந்தால் அது பட்டம். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனைப் பதிப்பித்தவர் வையாபுரிப் பிள்ளை. இலக்கியத்தில் வந்தால் பிள்ளைத்தமிழ், கடவுளே குழந்தையாகிவிடுகிறார். வியாசர்பாடி வாயில் வந்தால் மட்டும் கேலி. அந்த 'ங்கோ'வுக்கும் இதே கதிதான். அக்கிரகாரத்தில் 'வாங்கோ' என்றால் உபசாரம், நம்ம தெருவில் என்றால் காமெடி. வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்று தொல்காப்பிய மரபியல் சொல்லிவைத்ததை இன்றைய மீம் போடும் பையன் படித்திருக்க மாட்டான். படிக்காமலே நடைமுறைப்படுத்துகிறான்.

சந்திரபாபு, லூஸ் மோகன் காலத்திலிருந்தே மெட்ராஸ் பாஷை சினிமாவில் சிரிப்புக்குத்தானே என்று கேட்கலாம். வித்தியாசம் உண்டு. அங்கே சிரிப்பு திரையோடு போச்சு. இங்கே சிரிப்பு பள்ளிக்கூடம் வரைக்கும் வருகிறது.

என் அக்கா மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். காதுக்கு மேலே ஒட்ட வெட்டி, உச்சியில் முடி விட்டிருந்தான். ஒரு நாள் காலையில் பிரேயரில், எல்லார் முன்னாலும், ஆசிரியர் ஒருவர் கத்திரிக்கோலால் நடு மண்டையில் ஒரு கோடு போட்டுவிட்டார். 'புள்ளிங்கோவாடா நீ?' பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள், அவனுடைய சிநேகிதர்களும் சேர்த்து. ஒன்பது நாள் அவன் பள்ளிக்கூடம் போகவில்லை. பேச நான் போனேன். பொறுப்பில் இருந்தவர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பிறகு சொன்னார்: 'சார், நீங்க படிச்சவரு, உங்களுக்குத் தெரியாததா? மண்டையில கலர் அடிச்சிக்கிட்டு மூணு பேரு ஒரே வண்டியில போவுதுங்களே, அந்த மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான்.' நான் டீக்கடையில் சொன்ன அதே வாக்கியம். எனக்குப் பதில் வரவில்லை. பையன் தலையில் கலரே கிடையாது என்பதைக்கூடச் சொல்லத் தோன்றவில்லை.

எம்.ஏ. படிப்பு எனக்குக் கொடுத்ததில் முதன்மையானது ழகரம். கல்லூரிக்குப் போகும்வரைக்கும் 'வாயப்பயம்' என்றவன் நான். நாக்கை மடித்துப் பழகி மூன்று வருஷத்தில் தேர்ந்தேன். அந்த மடிந்த நாக்கால்தான் 'அதுங்க' என்றேன்.

பூர்தியூ 1978-இல் கொடுத்த பேட்டி ஒன்றுக்கு 'இளமை என்பது ஒரு சொல் மட்டுமே' என்பது போலத் தலைப்பு. ஒரே வயதில் ஒருவன் கல்லூரியில் படிக்கிறான், இன்னொருவன் வேலைக்குப் போகிறான். இருவரையும் ஒரே சொல்லுக்குள் திணிப்பது தந்திரம் என்கிறார். 'இளைய தலைமுறையின் இணைய மொழி' என்ற சொல்லாடலும் இந்தத் தந்திரம்தான். அதிலே புள்ளிங்கோ என்று சொல்கிற இளைஞனும் இருக்கிறான், சொல்லப்படுகிற இளைஞனும் இருக்கிறான். இருவருக்கும் பதினேழு வயசு. குறி என்பது வர்க்கங்கள் மோதும் களம் என்று வொலோஷினோவ் 1929-இலேயே எழுதிவிட்டார். நாம் அதை எழுதப்பட்ட பிரதிகளுக்கு மட்டும் பொருத்திப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனோம்.

'கிரிஞ்ச்' இதற்கு இன்னொரு சாட்சி. பார்க்கிறபோது உடம்பு கூசுகிறது என்பதுதான் பொருள். யாரைப் பார்த்தால் கூசுகிறது? டிக்டாக் இருந்த காலத்தில் நாற்று நடுகிற பெண்கள், சித்தாள்கள், திருநங்கையர், சின்ன ஊர்ப் பையன்கள் எல்லாம் தங்கள் முகத்தைத் தாங்களே படம் எடுத்துப் போட்டார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தச் செயலிக்குத் தடை சொல்லி, அதே மாதம் விலக்கிக்கொண்டது. 2020 ஜூன் 29-இல் ஒன்றிய அரசு சீனச் செயலிகள் 59-ஐத் தடை செய்தபோது அதுவும் போனது. காரணம் எல்லை விவகாரம். ஆனால் 'நல்லவேளை, கிரிஞ்ச் தொல்லை ஒழிஞ்சது' என்று நம் பக்கத்து ஆட்களே எழுதியதைப் படித்தேன். பார்த்தாலே தீட்டு என்று ஒரு சமூகத்தைப் பகலில் நடமாடவிடாத ஊர் இது. கூசுகிற கண் புதிதல்ல, சொல்தான் புதிது.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. அமெரிக்கக் கருப்பர்களின் பேச்சில் 'வோக்' என்றால் விழிப்பாக இரு என்று எச்சரிக்கை. ஸ்காட்ஸ்பரோ சிறுவர்கள் பற்றிய பாட்டைப் பதிவு செய்தபோது, 1938-இல், லெட் பெல்லி அந்தப் பொருளில்தான் அதைச் சொன்னார். பொய்க் குற்றச்சாட்டில் மின்சார நாற்காலி காத்திருந்த பிள்ளைகள் அவர்கள். 2022-இல் புளோரிடா மாநிலம் இனம் பற்றிய பாடங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் போட்டது. அதன் பெயரிலேயே அந்தச் சொல்தான் எதிரி.

நம் முகாமுக்கு வருவோம். 2024-இல் நடிகர் விஜய் கட்சி தொடங்கியதிலிருந்து அவருடைய ஆதரவாளர்களைத் 'தற்குறி' என்று திட்டுவது இணையத்தில் வழக்கமானது. திட்டியவர்களில் பெரியார் படம் வைத்திருப்பவர்கள் நிறைய. தற்குறி என்றால் என்ன? கையெழுத்துப் போடத் தெரியாதவர் பத்திரத்தில் இடுகிற கீறல், பிறகு அந்தக் கீறலை இடுகிற ஆள். என் பாட்டி தற்குறிதான். ரேஷன் கார்டு முதல் மனைப்பட்டா வரைக்கும் அவள் பெருவிரல்தான். அந்தக் கட்சியின் அரசியலை விமர்சிக்க ஆயிரம் காரணம் இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனால் படிப்பு மறுக்கப்பட்ட வரலாற்றை மேடையில் பேசிவிட்டு, கீழே இறங்கியதும் படிக்காதவளின் பெயரால் வைகிறோமே, இதற்கு எந்த அகராதியில் பொருள் தேடுவது?

'பூமர்' மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. மேல்நோக்கி வீசப்படுகிற சொல் என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு பிரியமும் உண்டு. 1946-64-இல் பிறந்த அமெரிக்கத் தலைமுறைக்கான பெயர். 2019-இல் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில், பருவநிலைச் சட்டம் பற்றிப் பேசும்போது குறுக்கிட்ட ஒருவரை இருபத்தைந்து வயது உறுப்பினர் க்ளோயி ஸ்வார்பிரிக் அந்தச் சொல்லால்தான் வாயடைத்தார். இங்கே அந்த ஆண்டுக்கணக்கெல்லாம் கழன்றுவிட்டது. அறிவுரை சொல்கிற எவனும் பூமர், முப்பத்தைந்து வயசில் நானும். கல்லூரி ஒன்றில் புள்ளிங்கோ என்ற சொல்லில் சாதி இருக்கிறது என்று பேசினேன். மாணவி ஒருவர் எழுந்தார்: 'சார், பூமர் மாதிரி பேசாதீங்க. எங்க ஜெனரேஷன்ல யாரு ஜாதி பாக்குறா?' கைதட்டல் அவருக்குத்தான். நான் உபதேசம் செய்தேன் என்பது உண்மை, அந்தக் கைதட்டல் நியாயம். ஆனால் அவருடைய கேள்வி மேல்நோக்கி வீசப்பட்டதா, கீழ்நோக்கியா என்பது இன்னும் எனக்குத் தீரவில்லை.

அக்கா மகன் மறுபடியும் பள்ளிக்கூடம் போகிறான். முடியை மொத்தமாக எடுத்துவிட்டான். போன வாரம் வந்திருந்தபோது, இப்போது நீங்கள் உங்களுக்குள் எப்படிக் கூப்பிட்டுக்கொள்கிறீர்கள், புதுசாக ஏதாவது சொல் உண்டா என்று கேட்டேன்.

'இருக்கு மாமா.'

'சொல்லுடா.'

'சொன்னா நீ எய்திருவே.'

நான் வற்புறுத்தவில்லை.